கத்தார் போக வேண்டிய தம்பி திரும்பி வந்தான்: மஞ்சள் காமாலை பி ஊசி வீட்டில் யாருக்கெல்லாம்?

மேலூர்க்காரி | 9 ஜூன் 2024

பல வருடமாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் தம்பிக்கு 27 வயது. ஐ.டி.ஐ. முடித்த எலக்ட்ரீசியன். கத்தாருக்கு விசா வந்து, ஏஜென்டுக்குப் பாதிப் பணமும் கட்டிவிட்டு மருத்துவப் பரிசோதனைக்குப் போனான். மூன்றாம் நாள் 'தகுதியில்லை' என்று காகிதம் வந்தது. காரணம் கேட்டதற்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தலையைத் தூக்காமலே "பி பாசிட்டிவ்" என்றாராம். இவன் ரத்த வகையைச் சொல்கிறார் என்று நினைத்து, "நான் ஓ பாசிட்டிவ்தானே மேடம்" என்று கேட்டிருக்கிறான்.

பிறகுதான் விளங்கியது, ஹெபடைடிஸ் பி, அதாவது மஞ்சள் காமாலை பி. கண் மஞ்சளாக இல்லை, பசி குறையவில்லை, நேற்றுவரை வாலிபால் ஆடிக்கொண்டிருந்தான். அம்மா, நான், என் கணவர், எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர், தம்பி எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அம்மா அன்றைக்கே அவனுடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். தை மாதத்தில் அவனுக்குக் கல்யாணம் வேறு பேசி முடித்திருக்கிறோம்.

எல்லோரும் உடனே ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அது கைக்குழந்தைகளுக்குப் போடுவதுதானே? பெரியவர்களுக்கும் உண்டா?

பழைய ஊசிக்காரம்மா | 9 ஜூன் 2024

முதலில் தட்டையும் டம்ளரையும் பழைய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள் தாயே, மற்றதைப் பிறகு பேசலாம். ஒரே தட்டில் சாப்பிட்டு இந்த நோய் வராது. தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருவது ஏ, ஈ என்ற இரண்டு. பி வருவது ரத்தத்தில், உடலுறவில், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு. தனியாக வைக்க வேண்டியவை சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. அந்த நகவெட்டியைத்தான் எந்த வீட்டிலும் கணக்கில் எடுப்பதில்லை. ஆணியில் ஒன்று தொங்கும், வருகிறவன் போகிறவன் எல்லாம் வெட்டிக்கொள்வான்.

உசிலம்பட்டிப் பக்கம் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெரியவர்களுக்கும் ஊசி உண்டு. ஆனால் ஊசிக்கு ஓடாதீர்கள், முதலில் ரத்தப் பரிசோதனை. கிருமி ஏற்கெனவே உள்ளே குடியிருப்பவருக்கு இந்த ஊசியால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. ஆனால் 'ஊசிதான் போட்டாயிற்றே' என்று அவர் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். எனக்கு அதுதான் பயம்.

இன்னொன்று. 27 வயதுப் பையனுக்குச் சத்தமே இல்லாமல் இது இருக்கிறது என்றால், நான் அடுத்துப் பார்ப்பது அவனைப் பெற்றவளை. அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.

நுண்ணோக்கி | 10 ஜூன் 2024

ஊசிக்காரம்மா சொன்னதற்கு ஆய்வகத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒரு ஒட்டு. மூன்று பரிசோதனைகளைச் சேர்த்துக் கேளுங்கள். எச்.பி.எஸ்.ஏஜி. என்பது கிருமி இப்போது உள்ளே இருக்கிறதா என்று சொல்லும். ஆன்டி எச்.பி.சி. என்பது எப்போதாவது வந்துபோனதா என்று சொல்லும். ஆன்டி எச்.பி.எஸ். என்பது பாதுகாப்பு இருக்கிறதா என்று சொல்லும். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும் இடங்கள் உண்டு.

முதலில் ரத்தம், பிறகுதான் ஊசி என்ற வரிசையை மாற்றாதீர்கள். தடுப்பூசியில் இருப்பது அந்தக் கிருமியின் மேலுறைப் புரதம் மட்டுமே. ஈஸ்டில் வளர்த்து எடுப்பது. அதனால் நோய் வராது. ஆனால் ஊசி போட்ட இரண்டு வாரத்துக்குள் பரிசோதித்தால் அந்தப் புரதமே சிலருக்கு எச்.பி.எஸ்.ஏஜி. என்று காட்டிவிடும். ஊசி போட்ட மறுநாள் வந்து பரிசோதித்து, 'ஊசியால்தான் வந்தது' என்று சண்டைக்கு நின்றவரை எனக்குத் தெரியும். இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்த்தோம், ஒன்றும் இல்லை. மன்னிப்பு கேட்க வரவில்லை, அது வேறு கதை.

சோழவந்தான் வெற்றிலை | 10 ஜூன் 2024

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன், வயது 71. எங்கள் தெருவில் காமாலை கண்டவன் எவனும் ஊசி போட்டதில்லை. கொல்லையில் கீழாநெல்லியைச் சமூலமாகப் பிடுங்கி, மோரில் அரைத்து, வெறும் வயிற்றில் குடித்து, உப்பில்லாப் பத்தியம் இருந்து எழுந்து நடந்தார்கள்.

பாட்டி வைத்தியம் என்று கைகொட்டிச் சிரிக்க வேண்டாம். 1988இல் லான்செட் மருத்துவ இதழில் நம் சென்னை ஆய்வாளர் தியாகராசன் குழுவினர் எழுதியதை எடுத்துப் பாருங்கள். உடம்பில் பி கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். 22 பேருக்கு அடையாளம் மறைந்தது. பொய் மருந்து கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அந்தக் கட்டுரையில் பெயர் போட்டிருப்பவர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பர்க். அவரே ஒப்புக்கொண்டார், நம் பிள்ளைகள் மறுக்கிறார்கள்.

நுண்ணோக்கி | 10 ஜூன் 2024

ஐயா, எண்கள் அத்தனையும் சரி. கூடவே மிச்சத்தையும் சொல்லிவிடலாம். அதன்பிறகு வேறு இடங்களில் வேறு குழுக்கள் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பலன் மறுபடி கிடைக்கவில்லை. ஒருமுறை விளைந்த வயல் அடுத்த போகத்தில் விளையவில்லை என்றால் விதையைத்தானே சந்தேகப்பட வேண்டும்?

ப்ளம்பர்க்கைச் சாட்சிக்கு அழைத்தது நல்லதாகப் போயிற்று. ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் விசித்திரமான ஒரு புரதத்தை 1960களில் கண்டவர் அவர்தான். 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று அதற்குப் பெயர். அதுதான் இந்தக் கிருமியின் மேலுறை. அதற்காகத்தான் 1976இல் நோபல். 1969இலேயே மில்மன் என்பவரோடு சேர்ந்து தடுப்பூசிக்கும் வழி கண்டார். அவர் பிறந்த ஜூலை 28ஐத்தான் உலகம் முழுவதும் கல்லீரல் அழற்சி (ஹெபடைடிஸ்) நாளாக வைத்திருக்கிறார்கள். கீழாநெல்லிக் கட்டுரையில் பெயர் போட்ட அதே ஆள்தான் ஊசிக்கும் தகப்பன்.

உங்கள் தெருவில் எல்லோரும் எழுந்து நடந்ததும் உண்மைதான். ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே போய்விடும். பி கூட, வளர்ந்த ஆளுக்கு வந்தால் 100 பேரில் 95 பேருக்குச் சில மாதங்களில் உடம்பே விரட்டிவிடும். கீழாநெல்லி குடித்தவருக்கும் கண் வெளுக்கும், பொவண்டோ குடித்தவருக்கும் கண் வெளுக்கும். பிறந்த குழந்தைக்கு வந்தால் கணக்கு தலைகீழ். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். அந்த ஒன்பது பேருக்கும் அப்போது பெரும்பாலும் கண் மஞ்சளாவதே இல்லை. அதனால் உங்கள் தெருவில் அவர்களை யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

சோழவந்தான் வெற்றிலை | 10 ஜூன் 2024

பொவண்டோவை இழுத்தது தேவையில்லாதது. மற்றதை யோசிக்கிறேன்.

நெறியாளர் | 11 ஜூன் 2024

'மூன்றே வேளையில் காமாலைக்கு முடிவு' என்று கைபேசி எண்ணோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இங்கே யாரும் மருந்து விற்க வேண்டாம்.

செல்லூர் சவரக்கத்தி | 12 ஜூன் 2024

மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், கை நடுங்குகிறது. செல்லூரில் எனக்கு முடிதிருத்தும் கடை. அப்பா காலத்தையும் சேர்த்தால் 50 வருடக் கடை.

அப்பா காலத்தில் கத்தியைத் தோல் வாரில் தீட்டி, டெட்டாலில் ஒரு முக்கு முக்கி, அடுத்த கன்னத்துக்குப் போவார். நான் கடைக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு பிளேடு என்று மாற்றினேன். வாடிக்கையாளர் கண் முன்னால் உறையைப் பிரித்து, பாதியாக ஒடித்துத்தான் கத்தியில் மாட்டுவேன். அதில் பெருமை வேறு எனக்கு.

நேற்று ராத்திரி படுத்தபிறகுதான் படிகாரக் கட்டி நினைவுக்கு வந்தது. கீறல் விழுந்தால் ரத்தம் நிற்பதற்குத் தேய்ப்போமே, அது. கடையில் ஒரே ஒரு கட்டி. யார் கன்னத்தில் ரத்தம் வந்தாலும் அதே கட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்போம். விளிம்பெல்லாம் தேய்ந்து சோப்பு மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது. காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அதை எடுத்துக் குப்பையில் போட்டேன். 50 வருடமாகப் புது பிளேடு, பழைய பிளேடு என்று பேசிக்கொண்டிருந்தோம், கட்டியை யாரும் பேசவில்லை.

என்னைப் போன்றவர்களும் ஊசி போட்டுக்கொள்ளலாமா? விரலில் வெட்டு விழாத வாரமே கிடையாது.

நுண்ணோக்கி | 12 ஜூன் 2024

அண்ணே, நீங்கள் போட்டுக்கொள்ளாமல் வேறு யார் போட்டுக்கொள்வது? காய்ந்த ரத்தத்திலும் இந்தக் கிருமி குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். எச்.ஐ.வி.க்குப் பயப்படுகிற ஊர் இதற்குப் பயப்படுவதில்லை. இது அதைவிட எளிதாகத் தொற்றும். படிகாரத்தைப் பொடியாக வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பஞ்சில் தொட்டு வைத்துவிட்டுப் பஞ்சை எறிந்துவிடுங்கள்.

நான் ஊசி போட்டுக்கொண்ட கதையும் அழகானதல்ல. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், குப்பைப் பையில் யாரோ மூடியில்லாமல் போட்டிருந்த ஊசி கட்டைவிரலில் ஏறியது. எந்த நோயாளியுடையது என்று தெரியாது. அந்த ஆய்வகத்தில் எங்களில் யாருக்கும் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. கேட்டால், "கையுறை இருக்கிறதே" என்றார்கள். அன்று சாயங்காலமே முதல் ஊசி, கூடவே இம்யூனோகுளோபுலின், அதாவது கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள். அதன்பிறகு ஆறு மாதம் ஒவ்வொரு பரிசோதனைக்கு முந்திய இரவும் தூக்கம் இல்லை. 2009இல் குஜராத்தில் மொடாசாவில் என்ன நடந்தது என்று வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஒருவருக்குப் போட்ட ஊசியையே அடுத்தவருக்கும் போட்டு ஊரே பி காமாலையில் விழுந்தது, பலர் செத்தார்கள்.

திருமங்கலத்து அப்பன் | 13 ஜூன் 2024

பிள்ளைகள் பக்கம் வருவோம். பையன் 2007இல் பிறந்தவன், பெண் 2014. பெண்ணுடைய அட்டையில் 'பென்டா 1, 2, 3' என்று இருக்கிறது. பையனுடைய அட்டையில் டி.பி.டி., போலியோ, பி.சி.ஜி., தட்டம்மை மட்டும்தான். இவனுக்குப் பி ஊசி விடுபட்டுவிட்டதா, அல்லது எழுதாமல் விட்டார்களா?

பழைய ஊசிக்காரம்மா | 13 ஜூன் 2024

விடுபட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் எழுதாத ஊசி போடாத ஊசி.

அரசு அட்டவணையில் பி ஊசி ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2002இல் சில இடங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2007-08 வாக்கில் தமிழ்நாட்டையும் சேர்த்துப் பத்து மாநிலங்களுக்கு வந்து, 2011இல்தான் நாடு முழுவதற்கும் ஆனது. அந்த டிசம்பரில் பென்டாவேலன்ட் வந்தது. முதலில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும்தான். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, பி காமாலை, ஹிப் (மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஒரு கிருமி) ஆகிய ஐந்துக்கும் ஒரே ஊசி. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம். அதற்கு முன்னால் பிள்ளையின் ஒரு தொடையில் ஒன்று, மறு தொடையில் ஒன்று என்று குத்திவிட்டு, தாயின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவேன்.

இது எல்லாவற்றுக்கும் முந்தியது பிறந்தவுடன் போடும் ஊசி. 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பி.சி.ஜி.யையும் சொட்டு மருந்தையும் சில நாள் கழித்துக்கூடக் கொடுக்கலாம். இதற்குத் தவணை கிடையாது. 'நாளைக்கு நல்ல நாள், நாளைக்குப் போடுங்கள்' என்று சொன்ன அப்பத்தாக்களோடு நான் போட்ட சண்டை கொஞ்சமா?

உங்கள் பையனுக்கு இப்போது மூன்று ஊசி. இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். இந்த வயதுக்காரருக்கு அரசு அட்டவணையில் இடம் இல்லை, வெளியில்தான் போட வேண்டும்.

ஏழாம் மாதம் | 14 ஜூன் 2024

என் பெயர் வேண்டாம். அவனியாபுரம். எனக்கு 29 வாரம். மூன்றாம் மாதமே எச்.பி.எஸ்.ஏஜி. பாசிட்டிவ் என்று அட்டையில் எழுதிவிட்டார்கள். மாமியாருக்குத் தெரியாது. குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா? ஆபரேஷன் செய்தால் குழந்தைக்கு வராது என்கிறார்களே, உண்மையா?

பழைய ஊசிக்காரம்மா | 14 ஜூன் 2024

பால் கொடுக்கலாம் கண்ணு, தாராளமாகக் கொடு. இதற்காக மட்டும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. நீ இன்றே கேட்க வேண்டியது வேறு: உன் ரத்தத்தில் கிருமியின் அளவு எவ்வளவு? 'வைரல் லோடு' என்று சொன்னால் எடுப்பார்கள். மில்லிக்கு இரண்டு லட்சம் அலகுக்கு மேல் இருந்தால் கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை 28ஆம் வாரத்திலிருந்தே கொடுப்பார்கள். உனக்கு 29 ஆகிவிட்டது, தள்ளிப்போடாதே.

குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின். இது இரண்டும் கையிருப்பில் இருக்கிற இடத்தில்தான் உன் பிரசவம் நடக்க வேண்டும், இப்போதே கேட்டு வைத்துக்கொள். அட்டையில் அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் நீயே ஒரு கோடு போடு. நள்ளிரவில் வலி எடுத்துப் போகும்போது வாயால் சொல்ல முடியாது, அட்டை சொல்லும்.

மாமியாரை விடு. உன் புருஷனுக்குப் பரிசோதனை செய்தாயிற்றா?

ஏழாம் மாதம் | 14 ஜூன் 2024

இல்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

மேலூர்க்காரி | 22 ஜூன் 2024

முடிவுகள் வந்துவிட்டன. எனக்கு, கணவருக்கு, பெரியவனுக்கு, சின்னவளுக்கு யாருக்கும் கிருமி இல்லை. சின்னவள் 2013, பென்டா மூன்றும் போட்டவள். பெரியவன் 2008, அவன் அட்டையில் பி ஊசி இல்லை. எனக்கும் கணவருக்கும் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

அம்மாவுக்கு இருக்கிறது.

காகிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு படி பூ, சாயங்காலக் கடைக்குப் போக வேண்டியது. வாழைநார் விரலில் ஓடிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. இரண்டு முழம் கட்டி முடித்த பிறகு, "அப்போ நான்தான் அவனுக்குக் கொடுத்தேனா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பிறகு அவராகவே பெரிய மாமா கதையைச் சொன்னார். அம்மாவுடைய அண்ணன். குடிக்கமாட்டார், பீடிகூடக் கிடையாது. 45 வயதில் வயிறு பானை மாதிரி வீங்கி இறந்தார். வயல் தகராறில் எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று ஊர் பேசியது. இரண்டு குடும்பங்களுக்கு இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதுவும் இதுவாகத்தான் இருக்குமோ?

என்னைப் பெற்றவளும் அவர்தானே, எனக்கு ஏன் வரவில்லை?

பழைய ஊசிக்காரம்மா | 22 ஜூன் 2024

மாமாவுக்கு என்ன என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. இருக்கலாம். இந்தக் கிருமி 30, 40 வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஈரலைச் சுருக்கும், புற்றாகவும் மாறும். தைவானில் 1984இல் பிறந்த குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கியபின் பிள்ளைகளுக்கு வருகிற ஈரல் புற்று குறைந்ததைக் கண்டார்கள். புற்றைத் தடுத்த முதல் ஊசி என்று இதைச் சொல்வது அதனால்தான்.

உனக்கு வராதது அம்மா ரத்தத்தில் அப்போது இருந்த கிருமியின் அளவால் இருக்கலாம். ஒரு பிரசவத்தில் குறைவாக இருக்கும், இன்னொன்றில் கூடுதலாக இருக்கும்.

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல். உன் தம்பி பிறந்தது 1996 அல்லது 97. இந்தியாவிலேயே தயாரான முதல் பி ஊசி, ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் கொண்டுவந்தது, 1997இல்தான். அதற்கு முன்பு வெளிநாட்டு ஊசி, பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம். அந்தப் பிரசவ அறையில் நானே நின்றிருந்தாலும் போட்டிருக்க முடியாது. என் பையில் அது இருந்ததே இல்லை.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் குடல், ஈரல் பிரிவு இருக்கிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். இரண்டு பேரையும் அழைத்துப் போ.

திருமங்கலத்து அப்பன் | 23 ஜூன் 2024

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. தை மாதக் கல்யாணம் என்று முதலில் எழுதினீர்களே. பெண் வீட்டுக்குச் சொல்லியாயிற்றா?

மேலூர்க்காரி | 23 ஜூன் 2024

இல்லை. சித்தப்பா சொல்லக்கூடாது என்கிறார். "கண்ணும் மஞ்சள் இல்லை, காய்ச்சலும் இல்லை, நாமாக ஏன் தமுக்கு அடிக்க வேண்டும்?" என்பது அவருடைய வாதம்.

சோழவந்தான் வெற்றிலை | 23 ஜூன் 2024

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பதை உங்கள் சித்தப்பா தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். மாப்பிள்ளைக்கு நிலம் இரண்டு ஏக்கர் என்பதை ஐந்து என்று சொல்வது வேறு, இது வேறு. அந்தப் பெண்ணுக்குத் தடுக்க ஊசி இருக்கும்போது, சொல்லாமல் கட்டிவைப்பது என்ன நியாயம்?

செல்லூர் சவரக்கத்தி | 23 ஜூன் 2024

ஐயா சொல்வது சரிதான். ஆனால் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும், அடுத்து வருகிற பெண் வீட்டுக்கும் செய்தி போய்விடும். ஊர் வாயை உங்களுக்குத் தெரியாதா? நாற்காலியில் உட்காரவைத்து ஊர்க் கதை எல்லாம் கேட்கிறவன் நான், எனக்குத் தெரியும்.

பழைய ஊசிக்காரம்மா | 23 ஜூன் 2024

பெண்ணிடம் தம்பியே நேரில் சொல்லட்டும். பெரியவர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும். ஜூலையில் முதல் ஊசி போட்டால் ஜனவரியில் மூன்றாவது முடிந்துவிடும். ஒரு மாதம் கழித்துப் பாதுகாப்பு அளவைப் பார்த்துக்கொண்டு மாசியில் தாலி கட்டலாம்.

மேலூர்க்காரி | 30 ஜூன் 2024

தம்பி அவளைத் தெப்பக்குளத்துக்கு வரச் சொல்லி, மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் வேறு என்னென்னவோ பேசிவிட்டுக் கடைசியில் சொல்லியிருக்கிறான். அவள் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். அழவில்லையாம். "எத்தனை ஊசி? எந்தக் கையில்?" என்று கேட்டாளாம். வீட்டில் அவளே சொல்லிக்கொள்கிறாளாம், கல்யாணத்தை மாசிக்குத் தள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து.

யானைக்கல் மருந்தாளர் | 1 ஜூலை 2024

ஊசி வாங்கப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள், இங்கேதான் காரியம் கெடும். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலைவிட இதற்கு எதிரி உறைநிலை. உறைந்தால் செத்துவிடும், பிறகு உருகினாலும் உயிர் வராது. வீட்டுக்கு வாங்கிப்போய் ஃப்ரீசரில், கறிக்குப் பக்கத்தில் வைத்த புண்ணியவான் ஒருவர் உண்டு. குப்பியைக் குலுக்கினால் நீர்த்த மோர் மாதிரி ஒரே சீராக வெண்மையாக இருக்க வேண்டும். திரிதிரியாகப் பிரிந்து அடியில் இறங்கினால் வாங்காதீர்கள். ஐஸ் கட்டியை நேராகக் குப்பியின் மேல் வைக்காமல் நடுவே துணியோ அட்டையோ வைத்து எடுத்துப் போங்கள். போடுகிற கிளினிக்கிலேயே இருப்பு இருந்தால் அதுவே மேல்.

வளர்ந்தவர்களுக்கு ஒரு மில்லி, குழந்தைகளுக்கு அரை மில்லி. எந்த வயதில் அரை முழுதாகிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்துத்தான் கொடுப்போம். பெரியவர்களுக்குத் தோள்பட்டைத் தசையில் மட்டும். இடுப்பில் போடச் சொல்லிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே கொழுப்பில் சிக்கினால் பலன் குறைந்துவிடும்.

டயாலிசிஸ் செய்கிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்குக் கணக்கே வேறு, இரட்டை அளவு. மருத்துவர் எழுதித் தரட்டும்.

செல்லூர் சவரக்கத்தி | 3 ஜூலை 2024

பரிசோதனை முடிந்தது, எனக்கு இல்லை. இன்று முதல் ஊசி. கை லேசாகக் கனக்கிறது, மதியம் மூன்று தலை வெட்டினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு போனேன். ஒருவர் மட்டும் ஊசியைப் பார்த்ததும் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர், இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

சோழவந்தான் வெற்றிலை | 4 ஜூலை 2024

நானும் பரிசோதித்துக்கொண்டேன். ஆன்டி எச்.பி.சி. இருக்கிறது, ஆன்டி எச்.பி.எஸ். இருக்கிறது, கிருமி இல்லை. எப்போதோ வந்து, எனக்குத் தெரியாமலே போயிருக்கிறதாம்; ஊசி தேவையில்லையாம். 1979இல் ஒரு காமாலை வந்தது, கீழாநெல்லி குடித்தேன். நுண்ணோக்கி தம்பி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், சொல்ல வேண்டாம்.

நுண்ணோக்கி | 4 ஜூலை 2024

நான் ஒன்றும் சொல்லவில்லை ஐயா.

மேலூர்க்காரி | 11 செப்டம்பர் 2024

இரண்டாவது ஊசி ஆகஸ்ட் 3இல் போட்டிருக்க வேண்டும். பெரியவனுக்குக் காலாண்டுத் தேர்வு, எனக்குக் கடைக் கணக்கு என்று ஐந்து வாரம் ஓடிவிட்டது. இன்றுதான் போட்டோம். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்ற பயத்தில் இருந்தேன். வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம் என்றார்கள்.

அம்மாவுக்கு ஈரலில் கொஞ்சம் தழும்பு இருக்கிறதாம். தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை. அதைப் பூக்கூடையின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறார். தம்பிக்கு இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தமும் ஸ்கேனும். கப்பலூரில் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஏஜென்ட் பாதிப் பணத்தில் பாதியைத் திருப்பித் தந்தார்.

ஏழாம் மாதம் | 19 செப்டம்பர் 2024

பெண் குழந்தை. ஆகஸ்ட் கடைசியில். இரண்டு ஊசியும் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட்டார்கள். சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, "இது யார் போட்டது?" என்று அந்த நர்ஸ் அக்கா கேட்டார்கள். ஒன்றரை மாத ஊசிக்கு அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை போக வேண்டும். என் கணவருக்குக் கிருமி இல்லை, மூன்று ஊசியில் இரண்டு முடித்துவிட்டார்.

பழைய ஊசிக்காரம்மா | 19 செப்டம்பர் 2024

பென்டா மூன்றையும் முடித்துவிட்டு, பிள்ளைக்கு ஒன்பதாம் மாதத்துக்கு மேல் ஒரு பரிசோதனை எடுக்க வேண்டும் கண்ணு. அதுவரை எடுக்காதே, எடுத்தாலும் சரியாகத் தெரியாது. என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று இங்கே எழுதாதே, எனக்குத் தனியாக அனுப்பு.

மேலூர்க்காரி | 15 பிப்ரவரி 2025

மூன்றாவது ஊசி எல்லோருக்கும் ஜனவரி முதல் வாரத்தில் முடிந்தது. நேற்று ஆன்டி எச்.பி.எஸ். முடிவு வந்தது. 10க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு என்றார்கள். தம்பிக்குப் பேசிய பெண்ணுக்கு 386. என் கணவருக்கு 120. பெரியவனுக்கு 1000க்கு மேல், இயந்திரம் அதற்கு மேல் எண்ணவில்லையாம். எனக்கு 4.

எனக்கு மட்டும் ஏன்? கல்யாண வேலையை வைத்துக்கொண்டு இது வேறு.

நுண்ணோக்கி | 15 பிப்ரவரி 2025

மருந்தின் குறையல்ல, உங்கள் குறையும் அல்ல. வளர்ந்தவர்களில் 100 பேருக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு முதல் சுற்றில் பிடிப்பதில்லை. வயது ஏற ஏற, உடம்பு பருக்கப் பருக்க அது கூடும். இன்னொரு சுற்று மூன்று ஊசி போட்டால் அவர்களில் பாதிப் பேருக்குப் பிடித்துவிடும். நல்லவேளை பரிசோதித்தீர்கள். வீட்டில் இருவருக்குக் கிருமி இருக்கும்போது 4 என்று தெரிந்திருப்பது முக்கியம்.

செல்லூர் சவரக்கத்தி | 15 பிப்ரவரி 2025

எனக்கு 212. டீ குடிக்கப் போனவர் நேற்று வந்து முதல் ஊசி போட்டுக்கொண்டார்.

மேலூர்க்காரி | 16 பிப்ரவரி 2025

அம்மாவிடம் எண்ணைச் சொன்னேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்து, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வயிற்றில் இருக்கும்போது கிருமியும் உனக்கு ஒட்டவில்லை, இப்போது ஊசியும் ஒட்டவில்லை. சின்ன வயதில் படிப்பும் இப்படித்தான்" என்றார். ஜூன் மாதத்திலிருந்து இதைப் பற்றி அவர் சிரித்துக்கொண்டு பேசியது இப்போதுதான்.

நாளைக் காலை நான்காவது ஊசி. இந்தத் தடவை இடது கையில் போடச் சொல்லப் போகிறேன், கல்யாணப் பத்திரிகை இன்னும் 200 எழுத வேண்டியிருக்கிறது.